நாடிக்குத் துணையாக வந்த எண்

சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், 1960களில் ஓர் அட்டையைத் தயாரித்தார். அதில் 6 முதல் 20 வரை எண்கள், பக்கத்தில் சில சொற்கள். 6 என்றால் துளியும் சிரமமில்லை. 9 மிக லேசு. 13 கொஞ்சம் கடினம். 17 மிகக் கடினம். 20 என்றால் அதற்குமேல் முடியவே முடியாது. உடற்பயிற்சி செய்பவர், தான் எவ்வளவு சிரமப்படுகிறோம் என்று தனக்குத் தோன்றும் எண்ணைச் சொன்னால் போதும்.

ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்கியதற்குக் காரணம் இதயம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 60 முறை துடிக்கும் இளைஞரின் இதயம், முழு மூச்சாக உழைக்கையில் 200ஐ நெருங்கும். ஆக, சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு கிடைத்துவிடும். நாடிக்குத் துணையாகத்தான் இந்த எண் பிறந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போனதும் அந்த உறவு ஆட்டம் கண்டது. பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு பழையபடி ஏறாது. பத்தால் பெருக்கும் கணக்கு அங்கே பொய்த்தது, ஆனால் அவர் சொன்ன எண் பயன்பட்டது. 1982இல் போர்க் விளக்கிய இன்னோர் அளவுகோல் 0 முதல் 10 வரைதான். அதில் நாடிக் கணக்கே இல்லை.

சக்கர நாற்காலிக்கு வந்தபோது அந்த உறவு அறுந்தே போனது. இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகள் மேல்மார்புப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் தண்டுவடம் முழுதாக அறுபட்டவருக்கு மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு பெரும்பாலும் 110க்கும் 130க்கும் இடையில் நின்றுவிடும். அப்படிப்பட்ட 25 வயதுக்காரரிடம் '220இலிருந்து வயதைக் கழி, அதில் 70 சதவீதம்' என்ற வழக்கமான கணக்கைக் கொடுத்தால் இலக்கு சுமார் 136 என்று வரும். அவர் உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் அதைத் தொடமாட்டார்.

இன்னொரு சிக்கல் கைகள். காலோடு ஒப்பிட்டால் கைத்தசை சிறியது. மூச்சு வாங்குவதற்கு முன்பே தோள் கடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே கைக்கு ஓர் எண், மூச்சுக்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கேட்கும் வழக்கம் வந்தது.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விக்டோரியா கூசி-டோல்ஃப்ரி குழுவினர், எண்ணை மட்டும் வைத்து உழைப்பை அளவாகப் பிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். முதலில் பளுவை ஆய்வாளர்களே வைத்து, கையால் சுழற்றும் சைக்கிளில் உழைப்பவரிடம் எண் கேட்பது. பிறகு எண்ணை மட்டும் கொடுத்து, பளுவை அவர் போக்குக்கு விடுவது. பயிற்சி பெற்றவர்கள் உணர்வை மட்டும் வைத்தே ஏறத்தாழ அதே அளவு உழைப்பைப் பிடித்தார்கள்.

மைதானத்தில் இதன் பயன் கண்கூடு. எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் வேகத்தை நம்ப முடியாது. '13ஐ விடாதே' என்றால் ஏற்றத்தில் தள்ளுபவர் தானே வேகத்தைக் குறைப்பார், சமதளத்தில் கூட்டுவார். ஆனால் வெயிலில் எண்ணை மட்டும் நம்பக்கூடாது: தண்டுவடக் காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காததால் உடல் சட்டென்று சூடேறும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கை, மூச்சு இரண்டின் எண்களையும் குறித்துவைக்கலாம். சில வாரம் கழித்து, அதே தூரம், அதே வேகம், ஆனால் 15 என்றவர் 12 என்கிறாரா? உடல் தேறிவிட்டது என்று பொருள். அதை அவர் நாடி காட்டிக்கொடுக்காமல் போகலாம், எண் காட்டிவிடும்.