நாற்பது போக்ஸ் கம்பி

என் எடை 104 கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவது எல்லாம் அந்த 104 கிலோவால் வந்த வினைதான்.

போன கோடையில் மகன் விடாப்பிடியாக விஸ்லர் மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். பனிக்காலத்தில் சறுக்குபவர்களை ஏற்றிச் செல்லும் அதே லிஃப்டில், கோடையில் சைக்கிளை மாட்டி மேலே அனுப்புகிறார்கள். அங்கிருந்து பாறையும் வேரும் நிறைந்த பாதையில் கீழே இறங்க வேண்டும். டவுன்ஹில் என்று பெயர். அவன் 61 கிலோ. வெட்டுக்கிளி மாதிரி தாவிக்கொண்டு போய்விட்டான். நான் மூன்றாவது இறக்கத்தில் ஒரு பாறை விளிம்பில் பின்சக்கரத்தை இறக்கினேன். 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரிம்மின் ஓரம் கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே மடங்கிவிட்டது. அன்று இரவு பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அண்ணன் சிரித்தான். "அந்தக் காலத்து இரும்பு ரிம்மு மாதிரி வருமாடா? நைனா சைக்கிள்ல முன்னாடி நீ, பின்னாடி நான், கேரியர்ல ரேஷன் அரிசி. ஒரு நாளாவது ரிம்மு மடங்கி இருக்கா?"

இதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்து உழைப்பு. கொஞ்ச நாள் படித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்: அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி சுத்தத் தப்பு.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகாவில் இருந்தாலும் தெருவில் கேட்பது பெரும்பாலும் தமிழ்தான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து சுரங்கத்தை எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகு, வட ஆற்காடு பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். என் பாட்டனாரும் அதில் ஒருவர். 1902-லேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வரிசையாக இருக்கும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஊர் சமதரை கிடையாது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். மைனிங் லைன் வீடுகளில் இருந்தவர்கள் ஷாஃப்டுக்கு நடந்தே போய்விடுவார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, அதைத் தாண்டிய கிராமங்களில் இருந்தவர்களுக்கு சைக்கிள்தான் கதி. ஷிப்டு சங்கு ஊதும்போது ரோட்டில் வரிசையாகச் சைக்கிள் போவது என் சின்ன வயது ஞாபகங்களில் முதலாவது.

நைனாவின் சைக்கிள் ஹெர்குலிஸ். டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது, அம்பத்தூரில் தொழிற்சாலை. வடக்கே அட்லஸ், ஹீரோ. பெயர்தான் வேறு வேறு, சக்கரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 28 இன்ச், ஒன்றரை இன்ச் டயர். ரிம் வெஸ்ட்வுட் என்ற இங்கிலாந்து மாதிரி. இரும்புத் தகட்டை உருட்டி, இரண்டு ஓரத்தையும் குழாய் மாதிரி சுருட்டி, நடுவில் பள்ளம் விட்டது. முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. பழைய சைக்கிள் கண்ணில் பட்டால் எண்ணிப் பாருங்கள். பாரம் பின்னால்தான் விழும், அதனால் எட்டுக் கம்பி அதிகம். எடை அதிகமுள்ளவனுக்குச் சக்கரம் எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த 32-40 கணக்கிலேயே இருக்கிறது.

ஏன் என்று புரிய, கம்பி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தடிமனாக இருக்கும், ஏனென்றால் அது தூண் மாதிரி பாரத்தைத் தாங்கி நிற்கிறது. போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர். அதைத் தரையில் நட்டு மேலே ஒரு செங்கல் வைத்தால்கூட வளைந்துவிடும். ஆனால் இழுத்தால்? சுரங்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கூண்டில் நிற்கும் அத்தனை பேரும் தினமும் ஒரு இரும்பு வடத்தை நம்பித்தான் பூமிக்குள்ளே தொங்கிக்கொண்டு போனார்கள்.

இழுவிசையில் நிற்கும் சக்கரத்தை 1808-ல் யோசித்தவர் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர். அவர் யோசித்தது சைக்கிளுக்கு அல்ல, பறக்கும் எந்திரத்துக்கு! 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கோர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் பெரும்பாலான சைக்கிளில் அதே கோர்வைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாரம் ஏறும்போது எந்தக் கம்பி தாங்குகிறது? மேல் கம்பியில் ஹப்பு தொங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்குப் போட்டுக் காட்டியது இது: மேல் கம்பிகளில் பெரிய மாற்றம் இல்லை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள நாலைந்து கம்பிகள்தான் இழுவிசையை இழக்கின்றன. முன்கூட்டியே இழுத்துக் கட்டி வைத்த விறைப்பு இருக்கும் வரை சக்கரம் சக்கரமாக இருக்கும். பாரத்தில் அந்த விறைப்பு முழுதும் போய்க் கம்பி தொளதொளவென்று ஆகிவிட்டால் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க ஆளில்லை. தொளதொளத்து மறுபடி இழுபட்டு, மறுபடி தொளதொளத்து, கடைசியில் ஹப்பு ஓரத்து வளைவில் கம்பி அறுந்துபோகும்.

ஆக நைனா சைக்கிள் மூன்று பேரையும் அரிசியையும் சுமந்தது இரும்பு ரிம்மால் அல்ல. கம்பிகள் நாற்பது இருந்ததால். அவற்றை எங்கள் தெரு முனை சைக்கிள் கடை அண்ணன் மாதம் ஒரு முறை பெண்டு எடுத்து ஒரே சீராக வைத்திருந்ததால். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் விரல் நகத்தால் மீட்டுவார். சத்தம் மந்தமாக வந்தால் நிப்பிளில் கால் சுற்று. கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். ஐம்பது பைசாவுக்கு அந்தக் கச்சேரி.

இரும்பு ரிம் எவ்வளவு தாங்கும் என்பதையும் எனக்கு அந்த ஊர்தான் சொல்லிக் கொடுத்தது. தங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சமாகும் மண்ணை வெளியே கொட்டுவார்கள். நூறு வருஷம் கொட்டினால் மலையாகிவிடாதா? எங்கள் ஊரில் அதற்குச் சயனைடு மலை என்றே பெயர். மழை அரித்த வாய்க்கால்களோடு, சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் பதிமூன்று மேடுகள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று அப்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது விளையாட்டு மைதானம்.

1984. எனக்குப் பதிமூன்று வயது. குரங்கு பெடல் முடிந்து பார் மேல் கால் போட்டு ஓட்டக் கற்றிருந்த புதுசு. நைனா நைட் ஷிப்டு முடித்துத் தூங்கும் நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், மேட்டின் உச்சியிலிருந்து விட்டேன். அப்போது நான் நாற்பது கிலோகூட இருந்திருக்க மாட்டேன். பாதி வழியில் அரித்துக் கிடந்த ஒரு வாய்க்கால் விளிம்பில் 'டங்'. முன் ரிம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. அத்தனை பாரம் சுமந்த சைக்கிள், ஒரு சோப்ளாங்கிப் பையனுக்கு மடங்கிவிட்டது.

அன்றைக்கு இரவு நைனா ஷிப்டுக்கு நடந்து போனார். அடுத்த நாளும். சைக்கிள் கடை அண்ணன் ரிம்மைத் தரையில் போட்டு முழங்காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "இது பெண்டு இல்லடா, இது சங்கு" என்றார். புது ரிம் வாங்கச் சம்பள நாள் வரவேண்டியிருந்தது. பதினொரு நாள். நைனா என்னை அடிக்கவில்லை. சங்கு ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எனக்குத் தூக்கம் வராது.

கணக்கு இப்போது புரிகிறது. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் சக்தி ஒன்பது மடங்கு. நைனா மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மூட்டையோடு போனது ஒரு வகைச் சோதனை. மேட்டிலிருந்து இறங்கி ஒரு விளிம்பில் அடிபடுவது முற்றிலும் வேறு சோதனை. வெஸ்ட்வுட் ரிம் ஒற்றைத் தகடு. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் அடி விழுந்தால் அதற்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது. அதனால்தான் நாற்பது கம்பி நெருக்கமாகத் தேவைப்பட்டது. மழையில் நனைந்தால் அந்த இரும்பில் பிரேக்கும் பிடிக்காது.

எங்களுக்கு எட்டு வருஷம் முன்னால், 1976 அக்டோபரில், கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் சில இளைஞர்கள் இதே வேலையைச் செய்தார்கள். 1930-40களில் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, கீழே யார் சீக்கிரம் வருவது என்று பந்தயம். ஹப்பு பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. அவர்களுடையதும் இரும்பு ரிம்தான், ஆனால் இரண்டு இன்ச்சுக்கும் மேல் தடித்த டயர். எங்களிடம் இல்லாதது அந்தக் காற்று மெத்தை. கொஞ்ச நாளில் ஜப்பானின் அராயா, உகாய் கம்பெனிகளின் அலுமினிய ரிம்கள் கிடைத்து, சக்கரத்தின் எடை குறைந்தது. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே டவுன்ஹில் ஒரு பிரிவு.

அதற்குப் பின் வந்த இரண்டு மாற்றங்கள்தான் என் மாதிரி ஆட்களுக்கு முக்கியம். ஒன்று, இரட்டைச் சுவர். அலுமினியத்தை அச்சில் தள்ளி, உள்ளே குழிவான பெட்டி மாதிரி வார்ப்பது. ஒற்றைத் தகட்டை வளைக்கலாம். அதே எடையுள்ள பெட்டியை வளைப்பது கஷ்டம். கம்பி எண்ணிக்கை 40-லிருந்து 32-க்கு இறங்க முடிந்தது இதனால்தான். இரண்டு, டிஸ்க் பிரேக். பிரேக் ஹப்புக்குப் போனதும் ரிம்மின் பக்கச்சுவர் தேய்வது நின்றது. யோசித்துப் பார்த்தால் நம் பழைய கம்பி பிரேக்கும் பக்கச்சுவரைத் தொடாது, உள்பக்கத்தைத்தான் அழுத்தும். அதனால்தான் லேசாகப் பெண்டு இருந்தாலும் நைனா கவலைப்படாமல் ஓட்டினார்.

2000-களின் ஆரம்பத்தில் டவுன்ஹில் ரிம் என்றால் அகலமும் கனமும்தான் பெருமை. இப்போது 500-லிருந்து 650 கிராமுக்குள் நல்ல அலுமினிய ரிம் கிடைக்கிறது. கார்பனும் உண்டு, விலை தலை சுற்றும். என் கட்சி அலுமினியம்தான். கார்பன் அடி தாங்காமல் போனால் விரிசல், அவ்வளவுதான். அலுமினியம் மடங்கினாலும் இடுக்கியால் நிமிர்த்தி வீடு வந்து சேரலாம்.

கடைசியில் நான் வாங்கியது: உள் அகலம் 30 மில்லிமீட்டர், 32 துளை, முன்னால் 29 இன்ச், பின்னால் 27.5. ஒரே எண்ணிக்கைக் கம்பிக்குச் சின்னச் சக்கரம் பக்கவாட்டில் பலம். பாரம் விழுவது பின்னால். கம்பி, இரண்டு முனையும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8. நடுவில் மெலிந்த கம்பி பலவீனம் என்று தோன்றும். உண்மையில் நடுப்பகுதி கொஞ்சம் நீண்டுகொடுத்து, அறுபடும் முனையைக் காப்பாற்றுகிறது. நிப்பிள் பித்தளை. வாங்கும் முன் நான் கூட்டிப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு: நான் 104, ஹெல்மெட்டும் கவசமும் பையும் 6, சைக்கிள் 17. மொத்தம் 127. கம்பெனிகள் அச்சிடும் எடை வரம்பு பெரும்பாலும் இந்த மொத்தத்துக்குத்தான், உடம்புக்கு மட்டும் அல்ல. அதோடு டவுன்ஹில்லுக்கு உரிய ஐந்தாம் பிரிவு என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் பழைய ரிம்மில் அது இல்லை. அதைவிட முக்கியம், அன்று நான் டியூப் இல்லாத டயரில் இருபது பவுண்டு காற்றோடு போயிருக்கிறேன். மகன் வைத்த அளவை அப்படியே வைத்தேன். 61 கிலோவுக்குப் போதும் காற்று 104 கிலோவுக்கு எப்படிப் போதும்? ரிம்மைக் குறை சொன்னது பாவம்.

சக்கரத்தை நானே கராஜில் உட்கார்ந்து கோர்த்தேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. விறைப்பை அளக்க ஒரு கருவி வாங்கினேன். கம்பிக்கு நூறு கிலோவுக்குக் குறையாமல் இழுவிசை. அளந்த பிறகும் மனசு கேட்காமல் ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டிப் பார்த்தேன். மகன் வாசலில் நின்று, "என்னப்பா, கிடார் டியூன் பண்றீங்களா?" என்றான். பதினேழாவது கம்பி மந்தமாக ஒலித்தது. கால் சுற்று வைத்தேன்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். 1984-ல் மடங்கிய ரிம்மையும் ஞாபகப்படுத்தினேன். "அந்த ரிம்மா? அது நீ மடக்குனதுடா, தானா மடங்கல" என்றான்.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். அண்ணன் அதற்கப்புறம் பல வருஷம், விடியற்காலை இருட்டில் நைனாவின் அதே சைக்கிளில் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போய், சைக்கிளை நிறுத்திவிட்டு, பெங்களூர் ரயில் பிடித்து வேலைக்குப் போய்வந்தான். பின்சக்கரத்தில் இன்னமும் 40 கம்பி. முன் ரிம் மட்டும் 1984-ல் சம்பள நாளில் வாங்கியது.

என் சக்கரம் இந்தக் கோடையில் பதினாறு இறக்கம் இறங்கியிருக்கிறது. பின் டயரில் முப்பது பவுண்டு காற்று. இதுவரை பெண்டு இல்லை.