புதிய கள், பழைய மொந்தை

  இலக்கிய அரங்கில் துப்பாக்கி மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். என் பேச்சு ஆயுதத்தின் பெருமையைப் பற்றியது அல்ல. ஒரு பொருளின் வடிவம், அதன் உள்ளடக்கம் மாறிப்போன பிறகும் எப்படி நீடிக்கிறது, அந்த நீடிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. மரபுக்கவிதையும் புதுக்கவிதையும் மோதிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நம் ஊரில் ‘பழைய கள், புதிய மொந்தை’ என்பார்கள். நான் சொல்லப்போவது அதன் தலைகீழ். கள் புதியது, மொந்தைதான் பழையது.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் அறிந்திருப்பீர்கள். இங்கே குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்ட பலர், தங்கள் தோட்டாக்களை வீட்டு நிலவறையில் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிதாக மருந்திட்டு, முனையில் ஈயக் குண்டைப் பொருத்துவது ஒரு கைத்தொழில் போல நடக்கிறது. இதில் ஈடுபடும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, கைத்துப்பாக்கிக்கு எந்த மருந்து என்பது. கடைத்தட்டில் டஜன் கணக்கில் டப்பாக்கள் இருக்கும். ஏன் இத்தனை வகை என்று எனக்குக் கேள்வி எழுந்தது. தேடிப் போனபோது, விடை வேதியியலில் பாதியும் வரலாற்றில் பாதியுமாகக் கிடந்தது.

முதலில் கருமருந்து. வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்தது. சீனத்தில் பிறந்து, உலகம் சுற்றி, நம் கோயில் வாணவேடிக்கை வரை வந்தது. இது எரியும்போது எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. வெளியே புகையாகவும் குழாய்க்குள் கரியாகவும் தங்குவது அதுதான். திறன் குறைந்த மருந்து என்பதால் நிறைய வேண்டும். ஆகவே அக்காலத் தோட்டாக் கூடு, மருந்து வழிய வழிய நிரம்பும் அளவுக்கு நீளமாகச் செய்யப்பட்டது.

இதில் யாரும் திட்டமிடாத ஒரு பாதுகாப்பு இருந்தது. கூடு நிரம்பினால் அளவு சரி. தெரியாமல் இரண்டாம் முறை போட இடமே கிடையாது. அரிசியைப் படியால் அளப்பது போல மருந்தைக் கரண்டியால் அளந்தார்கள், தராசு தேவைப்படவில்லை. 1873இல் வந்த .45 கோல்ட் ரிவால்வர் தோட்டா, தொடக்கத்தில் 40 கிரெய்ன் கருமருந்தைக் கொண்டது. ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம், நம் குன்றிமணியில் சுமார் பாதி. அதன் கூட்டின் நீளம் 32 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சு என்ற பொருளை உருவாக்கினார். புகையே இல்லை, ஆற்றலோ பல மடங்கு. ஐரோப்பா பரபரத்தது. இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஊரில் உடனே ஆலை தொடங்கினார்கள். 1847 ஜூலையில் அது வெடித்துச் சுமார் 20 பேர் இறந்தார்கள். அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் அதைத் தொடவே அஞ்சினார்கள்.

ஆற்றல் போதாமல் இருந்ததல்ல சிக்கல். வேகம் கட்டுக்குள் இல்லை என்பதே சிக்கல். துப்பாக்கிக்குள் மருந்து வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். எரிந்து, குண்டைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பஞ்சோ இழை இழையாக இருந்ததால் தீ நொடியில் எங்கும் பரவியது. 1884இல் பிரான்சின் பால் வியெய் இதற்கு வழி கண்டார். வெடிபஞ்சைக் கரைப்பானில் ஊறவைத்து, களிபோலப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, உலர்த்தி, சிறு வில்லைகளாக வெட்டினார். இப்போது தீ உள்ளே நுழைய வழியில்லை, மேற்பரப்பிலிருந்து படிப்படியாகவே எரிய வேண்டும். வில்லையின் பருமனையும் வடிவத்தையும் மாற்றினால் எரியும் வேகம் மாறும். இன்றைய கடைத்தட்டின் அத்தனை டப்பாக்களும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் பிள்ளைகள். 1886இல் பிரெஞ்சுப் படை லெபெல் துப்பாக்கியோடு இந்த மருந்தை ஏந்தியது.

புகை மறைந்ததும் போர்க்களமே மாறிப்போனது. 1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில் பிரிட்டிஷ் படை முன்னேறியபோது, ஆற்றங்கரைக் குழிகளிலிருந்து சுட்ட போயர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படையினரும் உண்டு. சுமார் 1,100 பேர், பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேத்தாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி என்ன செய்யும் என்பதை மிக முன்னதாகத் தோளில் உணர்ந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

அடுத்து பிரிட்டன். 1887இல் ஆல்ஃபிரட் நோபல் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். 1889இல் ஃபிரெடெரிக் ஏபலும், தெர்மாஸ் குடுவையின் மூலவரான ஜேம்ஸ் டூவரும் அதற்கு நெருங்கிய உறவான கார்டைட்டை உருவாக்கினார்கள். கயிறு போல இழுத்து எடுப்பதால் அந்தப் பெயர். நோபல் வழக்குத் தொடுத்துத் தோற்றார். நம் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 1903இல் நிறுவப்பட்டது. மலை ரயிலில் ஊட்டிக்குப் போனவர்கள் அந்த நிலையத்தைக் கடந்திருப்பீர்கள்.

இங்கேதான் என் கதை கைத்துப்பாக்கிக்குத் திரும்புகிறது. பிரிட்டிஷ் படையின் .455 வெப்லி ரிவால்வரும் கருமருந்துக் காலத்தில் பிறந்தது. கார்டைட்டுக்கு மாறியபோது, மருந்து கொஞ்சம், கூடோ பெரியது. நடுவில் இருந்த வெற்றிடத்தால் மருந்து சீராக எரியவில்லை. 1897இல் அவர்கள் கூட்டையே குட்டையாக்கிவிட்டார்கள். கள் மாறிவிட்டது, மொந்தையையும் மாற்று என்ற நேர்வழி.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1898இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 ஸ்பெஷல் தோட்டாவைக் கொண்டுவந்தது. முந்தைய .38 லாங் கோல்ட்டைவிட நீளமான கூடு. சுமார் 18 கிரெய்ன் கருமருந்துக்குப் பதில் 21 கிரெய்ன் இட வேண்டும் என்பதே நோக்கம். அதே 1898இல் லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் ‘புல்ஸ்ஐ’ என்ற புகையில்லாக் கைத்துப்பாக்கி மருந்தை விற்கத் தொடங்கியது. அதிகக் கருமருந்துக்காகக் கூட்டை நீட்டிய அதே ஆண்டில், கருமருந்தே வேண்டாம் என்றாக்கும் மருந்து வந்து சேர்ந்தது. .38 ஸ்பெஷல் விரைவிலேயே புகையில்லா மருந்துக்கு மாறியது. கூட்டின் நீளம் மட்டும் 29 மில்லிமீட்டராக அப்படியே நின்றுவிட்டது, இன்றுவரை. புகையில்லா மருந்துக்கென்றே 1902இல் பிறந்த 9 மில்லிமீட்டர் லூகர் தோட்டாவின் கூடு வெறும் 19 மில்லிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் தெரியும் ஒரு சென்டிமீட்டர், கருமருந்து விட்டுச்சென்ற வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில்தான் ஆபத்து குடியிருக்கிறது. புல்ஸ்ஐ மிக வேகமாக எரிவது, நெருக்கமானது, ஒரு சிட்டிகை போதும். நீளமான கூட்டின் அடியில் அது கிடப்பதே தெரியாது. கவனம் சிதறி இரண்டாம் முறை போட்டுவிட்டாலும் கூடு வழியாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலவே இருக்கும். சுடும்போது துப்பாக்கியின் உருளை பிளந்துவிடும்.

இந்த மாற்றத்தில் மக்கள் தடுமாறியது இயல்பே. 1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், கையால் தோட்டா நிரப்பும் கருவிகளையும் கையேடுகளையும் விற்றுவந்தது. அந்தத் தலைமுறை கரண்டியால் அளந்தே பழகியது. அவர்களுக்காக, கருமருந்தின் கன அளவுக்குச் சமமாக அளந்து போடக்கூடிய தளர்வான புகையில்லா மருந்துகளும் செய்யப்பட்டன. பக்கத்திலேயே, எடைபோட்டு மட்டும் பயன்படுத்த வேண்டிய செறிவான மருந்துகளும் விற்றன. அரிசிக்குப் படி, தங்கத்துக்குத் தராசு. தங்கத்தைப் படியால் அளந்தவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. அமெரிக்க வேட்டைத் துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளில் ‘இத்தனை டிராம் கருமருந்துக்குச் சமம்’ என்ற குறிப்பு இன்றும் அச்சாகிறது. யாரும் பயன்படுத்தாத மருந்தை அளவுகோலாக வைத்துப் பேசும் பழக்கம் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். கைத்துப்பாக்கியின் குழாய் குட்டையானது. குண்டு வெளியேறுவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும், ஆகவே நீள்துப்பாக்கி மருந்தைவிட வேகமானது வேண்டும். மிதமான இலக்குப் பயிற்சிக்கு மிக வேகமான மருந்தும், கனமான குண்டை விரட்டச் சற்று மெதுவானதும் பொருந்தும். புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வேகக் கணக்கைத்தான் முன்வைக்கும். அனுபவசாலிகளோ இன்னொன்றையும் கேட்பார்கள்: இது கூட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்? 1900இல் வந்த ‘யுனிக்’ என்ற மருந்து இன்றும் விற்கிறது. பெரிய வில்லைகள், அதனால் இடத்தை அடைக்கும். இரண்டு முறை போட்டால் பழைய கூடுகளில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம். கருமருந்து தானாகத் தந்த பாதுகாப்பை, மருந்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் மீட்டெடுக்கிறார்கள்.

ஒஹையோவில் என்னோடு வேலைபார்த்த ஒருவர் தன் நிலவறையில் தோட்டா நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது கூடுகளை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்திட்டபின் குண்டு பொருத்துவதற்கு முன், டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப்பார்ப்பார். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். பெயர் தெரியாத மருந்து எவ்வளவு நல்லதாகத் தோன்றினாலும் எறிந்துவிடுவார். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து எரியும் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அளவைப் பொறுத்தவரை, மருந்து செய்தவர்கள் அச்சிட்ட நூலைத் தவிர யார் சொன்னதையும் ஏற்கமாட்டார். அந்த அறையில் இருந்த அமைதி எனக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களை நினைவூட்டியது. ஒரு வித்தியாசம், இங்கே தவறிய பிழைக்குத் திருத்தம் வெளியிட முடியாது.

நீளத்துக்கு இன்னொரு பயனும் பின்னால் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ஹெர்குலிஸ் நிறுவனம் ‘2400’ என்ற மெதுவான மருந்தை வெளியிட்டது. எல்மர் கீத், பில் ஷார்ப் போன்றவர்கள் ரிவால்வரின் வலிமையை உயர்த்த முயன்றுகொண்டிருந்த காலம் அது. 1935இல் .357 மேக்னம் வந்தது. குண்டின் விட்டத்தில் அது .38 ஸ்பெஷலே. ஆனால் கூட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். இம்முறை மருந்துக்கு இடம் போதாமல் அல்ல. அந்த வலிமையைத் தாங்காத பழைய துப்பாக்கிகளில் அது நுழையவே கூடாது என்பதற்காக. ஒருகாலத்தில் கொள்ளளவாக இருந்த நீளம், இப்போது பூட்டாயிற்று. 1955இல் .44 மேக்னமும் அதே வழியில் வந்தது.

மரபு வடிவங்களை வீண்சுமை என்று உதறலாம், புனிதம் என்று தொழலாம். இரண்டு வாதங்களையும் நாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். இந்தப் பித்தளைக் கூடு எனக்குச் சொன்னது வேறொன்று. ஒரு வடிவத்தை வைத்துக்கொள்ள முடிவுசெய்தால், அது எந்தப் பொருளுக்காக உண்டானது என்பதை மறக்கக் கூடாது. மறந்தால், உள்ளே இருக்கும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டன்காரர்கள் கூட்டைக் குறைத்தார்கள். அமெரிக்கர்கள் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நூறாண்டுகளாக ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் நேர்மையான வழிகள்தான். வைத்துக்கொள்வேன், எட்டிப்பார்க்கமாட்டேன் என்பது மட்டுமே ஆபத்து.