ஸ்லாப் போக 17 வருஷம்

எங்கள் படூருக்குப் பக்கத்துச் சிறுசேரியில் ஐ.டி. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியுமோ என்னவோ.

லினக்ஸ் கெர்னலுக்குச் சின்னச் சின்ன மெமரித் துண்டுகள் ஓயாமல் தேவை. ஒரே அளவுத் துண்டுகளைத் தயாராக அடுக்கி வைத்துக் கொடுத்து வாங்கும் முறையை 1994-இல் வெளியிட்டவர், சன் கம்பெனியின் ஜெஃப் பான்விக். அதைப் பின்பற்றி லினக்ஸில் ‘ஸ்லாப்’ வந்தது. 2007-இல் கிறிஸ்டோப் லாமீட்டர் அதைவிட எளிமையாக ‘ஸ்லப்’ எழுதினார். (பெயர் வைத்தவர்கள் நம் காதை நினைத்துப் பார்க்கவில்லை!)

உடனே பழையதை எடுத்திருக்கலாமே? முடியவில்லை. சில தரவுத்தளச் சோதனைகளில் ஸ்லப் பின்தங்கியது. மெமரி கொடுக்கும் இடம் மந்தமானால் மேலே ஓடுவதெல்லாம் மந்தமாகும். ஆகவே மாற்றங்களைச் சரிபார்ப்பவர்கள் பழையதைக் கைவிடவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார்கள்: பல வசதிகளை இரண்டு இடத்தில் எழுதி, இரண்டு இடத்திலும் சோதிக்க வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

கடைசியில் விளாஸ்டிமில் பாப்கா, ஸ்லாபின் ஏறத்தாழ 4,000 வரிகளை நீக்கினார். 2024 மார்ச்சில் வந்த 6.8 பதிப்பில் அது இல்லை. ஆனால் ஒவ்வொரு பிராசஸருக்கும் பக்கத்திலேயே கொஞ்சம் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் அதன் பழைய யோசனை, வேறு வடிவில் 2025-இல் ஸ்லப்புக்குள் வந்துவிட்டது. கொண்டுவந்தவரும் அதே பாப்காதான்.