ஓல்டு நம்பர் ஒன் பென்ட்லி வழக்கு

ஓல்டு நம்பர் ஒன் பென்ட்லி வழக்கு என்பது 1990 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில், பழைய பந்தயக் கார் ஒன்றின் விற்பனை தொடர்பாக நடைபெற்ற வழக்கு ஆகும். ஒரு கோடி பவுண்டு விலை பேசி காரை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அது லெ மான் பந்தயத்தில் வென்ற உண்மையான கார் அல்ல என்று கூறிப் பின்வாங்கியது. விற்றவர் நீதிமன்றத்தை நாடினார். பாகங்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்ட ஒரு காரை அதே கார் என்று சொல்லலாமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. கிளாசிக் கார் எனப்படும் பழம்பெருமை வாய்ந்த கார்களை வாங்குவோரும் விற்போரும் இன்றும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டிப் பேசுகின்றனர்.

பின்புலம்

டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919 ஆம் ஆண்டு பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இலண்டனின் கிரிக்கில்வுட் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. விரைவுக்கும் உறுதிக்கும் பெயர் பெற்ற பெரிய கார்களை இந்நிறுவனம் உருவாக்கியது. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் பென்ட்லி கார்கள் வெற்றி பெற்றன.

பந்தயங்களில் புகழ் கிடைத்தாலும் நிறுவனத்தின் நிதிநிலை எப்போதும் நெருக்கடியாகவே இருந்தது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் செல்வம் ஈட்டிய பார்னி பர்னாட்டோவின் மகன் உல்ஃப் பர்னாட்டோ 1926 இல் நிறுவனத்தில் பெரும் பணம் முதலீடு செய்து அதன் தலைவரானார். பணம் போட்டதோடு நிற்காமல் அவரே பந்தயங்களிலும் கார் ஓட்டினார். லெ மான் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டது மூன்று முறை. மூன்றிலும் அவரே வென்றார்.

பந்தயக் களத்தில்

ஸ்பீட் சிக்ஸ் என்பது பென்ட்லியின் ஆறு சிலிண்டர் கொண்ட கார் வகை. அதன் எஞ்சின் கொள்ளளவு 6,597 கன செ.மீ. பந்தயத்துக்காகத் தொழிற்சாலையே ஆயத்தம் செய்த ஸ்பீட் சிக்ஸ் கார்களுள் ஒன்றே பின்னாளில் "ஓல்டு நம்பர் ஒன்" என்று அழைக்கப்பட்டது.

1929 ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் இக்காரை பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும் ஓட்டி முதலிடம் பெற்றனர். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களும் பென்ட்லி கார்களுக்கே கிடைத்தன. 1930 இல் பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் இதே காரில் மீண்டும் வென்றனர். ஒரே கார் அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வெல்வது அரிய நிகழ்வாகும்.

1931 இல் பென்ட்லி நிறுவனம் நொடித்துப்போய் ரோல்ஸ் ராய்ஸ் வசமானது. ஆயினும் கார் பந்தயங்களைக் கைவிடவில்லை. அவ்வாண்டு இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடைபெற்ற 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் இக்காரை ஓட்டி வென்றனர்.

அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்காகக் காரில் 7,983 கன செ.மீ. கொள்ளளவுள்ள 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932 செப்டம்பரில் நடைபெற்ற அந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக்கின் சகோதரர் கிளைவ் டன்ஃபி காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அது சரிவான தடத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். சிதைந்த காரை பர்னாட்டோ மீண்டும் கட்டுவித்து, சாலையில் ஓட்டத் தக்க கூபே காராக மாற்றிக்கொண்டார்.

பாகங்கள் மாறிய விதம்

பந்தயக் கார் நெடுங்காலம் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் காரைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்த பாகங்களை நீக்கிப் புதியவற்றைப் பொருத்துவது தொழிற்சாலைகளின் வழக்கம். ஒரே அணியைச் சேர்ந்த கார்களுக்கிடையே எஞ்சின், கியர் பெட்டி, அச்சு போன்றவற்றை மாற்றிக்கொள்வதும் உண்டு. அடுத்த பந்தயத்தில் வெல்வதே அன்றைய நோக்கம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வந்து எந்தத் திருகாணி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்பார் என எவரும் எண்ணவில்லை.

ஓல்டு நம்பர் ஒன் காரின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. 1929 இல் வென்ற கார் 1930 பந்தயத்துக்காகச் செப்பனிடப்பட்டது. 1932 இல் அதன் எஞ்சின் வகையே மாறியது. விபத்துக்குப் பின் உடற்பகுதியும் மாறியது.

விலையேற்றக் காலம்

1980களின் பிற்பகுதியில் பழைய கார்களின் விலை வேகமாக ஏறியது. 1987 நவம்பரில் புகாட்டி ராயல் வகைக் கார் ஒன்று இலண்டனில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி மறைந்தபின் ஃபெராரி கார்களின் விலை மேலும் உயர்ந்தது. ஓட்டி மகிழ்வதற்காகக் காரை வாங்கியவர்களோடு, விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் வாங்கியவர்களும் சந்தைக்குள் வந்தனர்.

விலை இவ்வாறு ஏறியதும் காரின் அடையாளம் பற்றிய கேள்வி முக்கியமானது. ஒரு சாதாரண ஸ்பீட் சிக்ஸ் காரும் லெ மான் பந்தயத்தில் வென்ற ஸ்பீட் சிக்ஸ் காரும் உலோகத்தால் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவற்றின் விலைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாடு முழுவதும் கார் கடந்துவந்த வரலாற்றுக்கான விலையே.

விற்பனையும் வழக்கும்

1990 இல் ஓல்டு நம்பர் ஒன் காரின் உரிமையாளராக இருந்தவர் எட்வர்ட் ஹப்பர்ட். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் காரை மிடில்பிரிட்ஜ் சிமிட்டார் என்ற நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். பின்னர் அந்நிறுவனம் காரைப் பெற மறுத்தது. ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட பெயருக்கு உரிய கார் இதுவல்ல என்பது அதன் வாதம். ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்று ஹப்பர்ட் வழக்குத் தொடுத்தார்.

வாங்குபவரின் ஐயத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. காரில் இருந்த பாகங்கள் ஒவ்வொன்றும் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்பது நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. அதில் தெரியவந்தவை பின்வருமாறு:

1929 இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துகளைத் தவிர வேறு எதுவும் எஞ்சவில்லை. 1930 ஆம் ஆண்டுக் காரைச் சேர்ந்தவையாக மிதிகளின் தண்டு, கியர் பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. 1932 இல் விபத்துக்குள்ளான காரிலிருந்து சேசிஸ் எனப்படும் அடிச்சட்டகம், சஸ்பென்ஷன், முன் அச்சு, பின் அச்சின் உறை, பின்சக்கர பிரேக்குகள், 8 லிட்டர் எஞ்சின் முதலியன எஞ்சியிருந்தன.

அதாவது, இரு லெ மான் வெற்றிகளுக்காக மதிக்கப்பட்ட காரில் இருந்த பழைய உலோகத்தில் பெரும்பகுதி, வெற்றி பெற்ற நாள்களுக்கு உரியதன்று. கிளைவ் டன்ஃபி உயிரிழந்த நாளுக்கு உரியது.

தீர்ப்பு

நீதிபதி ஓட்டன் 1990 ஜூலையில் ஹப்பர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1929 இலோ 1930 இலோ வென்றபோது இருந்த அதே பாகங்களால் ஆன மூலக் கார் இது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பொருளில் இதை மூலக் கார் என்று அழைக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்றும், அப்பெயரால் விற்பதற்கு இது தகுதியுடையது என்றும் முடிவு செய்தார்.

அவர் கூறிய காரணங்களுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, மாற்றங்கள் நடந்த முறை. புதிய பாகங்கள் ஒரே நாளில் மொத்தமாகச் சேர்க்கப்படவில்லை. சிறிது சிறிதாக, நீண்ட காலத்தில் காரோடு இணைந்தன. எனவே எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழந்துவிடவில்லை.

இரண்டாவது, தொடர்ச்சி. கார் எங்கோ மறைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் சில துண்டுகளிலிருந்து புதிதாக எழுப்பப்படவில்லை. நான்கு பந்தயப் பருவங்களில் இடைவிடாது ஓடியது. அதன்பின்னும் அதன் வாழ்க்கை தொடர்ந்தது.

மூன்றாவது, போட்டி உரிமை இல்லாமை. இப்பெயரையும் புகழையும் உரிமை கொண்டாடக்கூடிய வேறொரு பென்ட்லி கார் இப்போதும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. விற்பனைக்கு வந்தது காரின் உலோகம் மட்டுமன்று, அதன் வரலாறும் புகழும்கூட என்பது தீர்ப்பின் சாரம்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறிப்பிடும் தீசியசின் கப்பல் பற்றிய கேள்வியும் இத்தகையதே. பழுதுபட்ட பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்த பிறகு, அது பழைய கப்பல்தானா என்பதில் அறிஞர்கள் இரு பிரிவாக நின்றனர் என்கிறார் அவர். தத்துவ அறிஞர்கள் முடிவு சொல்லாமல் விட்டுவைக்கக்கூடிய கேள்விக்கு, பெருந்தொகை சம்பந்தப்பட்டிருந்ததால் நீதிபதி முடிவு சொல்ல வேண்டியதாயிற்று.

எது காரின் அடையாளம்?

வாகனப் பதிவு அலுவலகங்களும் இதே சிக்கலை வேறு வழியில் சந்தித்துள்ளன. பெருமளவு மாற்றி அமைக்கப்பட்ட கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்ய, பிரித்தானியாவில் பல ஆண்டுகள் ஒரு புள்ளி முறை நடைமுறையில் இருந்தது. அதில் அடிச்சட்டகத்துக்கு 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளிகள். எஞ்சினுக்கு 1 புள்ளி மட்டுமே. மூல அடிச்சட்டகத்தையும் சேர்த்துக் குறைந்தது 8 புள்ளிகள் தேவை. எஞ்சினே காரின் உயிர் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், பதிவேட்டைப் பொறுத்தவரை அடிச்சட்டகமே முதன்மை பெற்றது.

கோடிகளில் விலைபோகும் கார்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று இது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் உருவாக்கப்பட்ட எம்ஜிபி, நடுத்தர வருவாய் உள்ளவர்களும் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இதற்குத் தனி அடிச்சட்டகம் கிடையாது. உடற்பகுதியே சட்டகமாகவும் பயன்படுகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதிகள் துருப்பிடித்தால் காரின் வலிமையே குறைந்துவிடும். மேலே புதிய வண்ணம் பூசி இத்துருவை எளிதில் மறைத்துவிடலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 இல் எம்ஜிபி காருக்குப் புதிய முழு உடற்பகுதிகளைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. பழைய காரின் எஞ்சினையும் அச்சுகளையும் புதிய உடலில் பொருத்தி ஓட்டுபவர்கள் பலர். அத்தகைய கார் துருவற்றது, பாதுகாப்பானது. ஆனால் அது எந்த அளவுக்குப் பழைய கார் என்ற கேள்வி அதனோடு சேர்ந்தே வருகிறது.

வாங்குவோருக்கு இவ்வழக்கு உணர்த்துவன

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க எண்ணுபவர், தாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டுவதற்காக வாங்கினால் காரின் இன்றைய நிலையே முக்கியம். மாற்றப்பட்ட எஞ்சினும் புதிய உடற்பகுதியும் அப்போது குறையல்ல, நன்மையே. வரலாற்றுக்காக வாங்கினால் ஆவணங்களே முக்கியம்.

ஆவணங்களைச் சரிபார்க்க வழிகள் உள்ளன. ஜாகுவார் போன்ற நிறுவனங்களின் பாரம்பரியக் காப்பகங்கள், கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது அதற்கு இருந்த சேசிஸ் எண், எஞ்சின் எண், வண்ணம் முதலியவற்றைச் சான்றிதழாக வழங்குகின்றன. அந்த எண்கள் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போவது நல்ல அறிகுறி. ஆயினும் எண்களை மீண்டும் பொறிக்க இயலும் என்பதால், அது மட்டுமே போதுமான சான்றாகாது. பழைய பதிவுப் புத்தகங்கள், பட்டறை ரசீதுகள், ஒளிப்படங்கள் ஆகியவை கார் யார் யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்பதை இடைவெளியின்றிக் காட்ட வேண்டும். அதே காரின் எஞ்சினோ சட்டகமோ வேறிடத்தில் இன்னொரு காராக வாழ்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பயன்படும் சொற்களும் கவனத்துக்குரியவை. "மூல நிலையில் உள்ளது", "உண்மையானது", "புதுப்பிக்கப்பட்டது" என்பவை ஒரே பொருள் தருபவை அல்ல. ஹப்பர்ட் விற்றது ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருடைய காரை. 1929 ஆம் ஆண்டுப் பாகங்கள் மாறாமல் உள்ள கார் என்பது ஒப்பந்தத்தின் வாசகமாக இருந்திருந்தால், நீதிமன்றம் கண்டறிந்த அதே உண்மைகள் வாங்கியவருக்குச் சாதகமாகியிருக்கும். பாகங்களின் காலத்தைக் கையெழுத்திடும் முன்பே ஆராய்ந்து பார்ப்பவருக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம், வேண்டாம் என்றும் விலகிவிடலாம். கையெழுத்திட்ட பிறகு அதே ஆராய்ச்சியை நீதிமன்றத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும்.