கரண்டி சேர்த்த தீவுக்காரர்கள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது: அங்குஸ்தான் சேகரிப்பது. ஊசி குத்தாமலிருக்கத் தையற்காரர் விரல் நுனியில் மாட்டிக்கொள்வாரே, அதுதான். வெள்ளி, பித்தளை, பீங்கான், மரம் என்று அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. "இதனால் என்ன உபயோகம்?" என்று கேட்பவர்களுக்கு நான் நிக்கோபார்க் கதையைச் சொல்வது வழக்கம்.

நக்கவாரம் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜேந்திர சோழர் 1025 வாக்கில் நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாக வருகிறதே, அதே தீவுகள்தான். அங்கே பணம் தேங்காய். ஜோடி ஜோடியாக, இருபது இருபதாக எண்ணுவார்கள். பர்மா, மலாயா, இந்தியா ஆகிய தேசங்களிலிருந்து வந்த வியாபாரிகள் அரிசி, சிவப்புத் துணி, புகையிலை, ஊசி கொடுத்துத் தேங்காய் ஏற்றிச் சென்றார்கள். இவற்றோடு வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும் வந்து இறங்கின. சூப் பரிமாறும் பெரிய அகப்பைக்கு ஏக கிராக்கி!

அவர்கள் கரண்டியால் சாப்பிட்டவர்கள் அல்லர். கரண்டி என்பது செல்வம், அந்தஸ்து, அழகு. ரூபாயும் அப்படியே. வெள்ளிக்காகத்தான் அதற்கு மதிப்பு. இரண்டணாக் காசுகளைக் கோத்துப் பெண்கள் தலையில் பட்டையாக அணிந்தார்கள். கார் நிக்கோபார்ப் பெரியவர்கள் கப்பல் கேப்டன்களிடம் நற்சான்றுக் கடிதங்களும் வாங்கிச் சேர்த்தார்கள். சில கேப்டன்கள் அவற்றில் கேலியாக எழுதிக் கொடுத்ததும் உண்டு. வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாதே!

இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் இ. எச். மான். கமோர்ட்டாவில் 1869 முதல் 1888 வரை இருந்த கைதிக் குடியிருப்பில் பணியாற்றிய அதிகாரி. கார் நிக்கோபாருக்கு நம் தமிழர் ஒருவரே சாட்சி. சென்னைப் பக்கத்திலிருந்து போய், மூஸ் கிராமத்தில் பாடசாலை நடத்திய உபதேசியார் வேதப்பன் சாலமன். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளை லண்டன் மானிடவியல் சங்கத்தின் சஞ்சிகை 1902-இல் வெளியிட்டது. தமிழில் அதை யாராவது கொண்டுவர வேண்டும்.

ஒருவர் இறந்தால் அவர் ஆயுள் முழுதும் சேர்த்த கரண்டிகளை என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்தார்கள், வளைத்தார்கள், பிறகு கல்லறையிலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு இது வீண் விரயமாகத் தெரிந்தது. இறந்தவரின் ஆவி தன் பொருளைத் தேடித் திரும்பி வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பங்கு கேட்டு அண்ணன் தம்பிகள் கோர்ட் ஏற வேண்டியதில்லை. பிள்ளையும் தன் கரண்டியைத் தானேதான் சம்பாதித்தாக வேண்டும். என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். "அப்பா, உங்கள் அங்குஸ்தான்களை நாங்கள் எங்கே வைத்துக்கொள்வது?" என்று இருவரும் நாசூக்காகக் கேட்டாகிவிட்டது. உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்தவம் பரவியபின் அந்த வழக்கம் தேய்ந்தது. கடலோரக் கிராமங்களின் பொது இடத்துக்கு எல்பனம் என்று பெயர். இடுகாடும் அங்கேதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கிராமங்கள் அழிந்தன, பிழைத்தவர்கள் உள்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். மான் அன்று வாங்கி அனுப்பிய நிக்கோபார்ப் பொருள்கள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எண்ணிட்டுப் பத்திரமாக இருக்கின்றன.