முடிவுறாத வாதம்: பொய்யர் புதிரும் எர்லாங்கன் தருக்கமும்

‘இந்த வாக்கியம் பொய்’ என்பதை மெய் என்று கொண்டால் அது பொய்யாகிறது; பொய் என்று கொண்டால் மெய்யாகிறது. யூபுலிடீஸ் காலம் தொட்டு வழங்கும் இப்புதிருக்கு 1933இல் ஆல்ஃபிரட் டார்ஸ்கி சொன்ன தீர்வு, ஒரு மொழியின் கூற்றுகள் மெய்யா என்று தீர்ப்பதை அதற்கு மேற்பட்ட மொழியிடம் ஒப்படைப்பது. முரண் நீங்கியது உண்மை. ஆயினும் மெய்ம்மையை ஏன் இப்படி அடுக்க வேண்டும் என்று கேட்டால், முரணைத் தவிர்க்கவே என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. அந்தக் காரணத்தை ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆக்கவாதத் தருக்கத்திலிருந்து வருவிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1962இல் எர்லாங்கனுக்கு வந்த பவுல் லோரென்ட்சன், அங்கிருந்த வில்ஹெல்ம் காம்லாவுடன் சேர்ந்து 1967இல் ஒரு தருக்க அறிமுக நூலை வெளியிட்டார். விவரமறிந்த, நல்லெண்ணமுள்ள எவரும் சோதித்துப் பார்த்து உடன்படத்தக்க கூற்றே அதில் மெய் எனப்படுகிறது. சோதிக்கும் முறையை லோரென்ட்சன் 1958 வெனிஸ் மாநாட்டிலேயே முன்வைத்திருந்தார்; குனோ லோரென்ஸ் அதை வளர்த்தார். கூற்றை முன்வைப்பவர் வாதி, தாக்குபவர் எதிர்வாதி. ‘அ அன்று’ என்று வாதி சொன்னால், எதிர்வாதி ‘அ’ என்று சொல்லித் தாக்குவார். வாதி அந்த ‘அ’வைத் தாக்க வேண்டும். எப்படி ஆடினாலும் வாதம் வரம்புக்குட்பட்ட அடிகளில் முடிய வேண்டும். முடியாதது கூற்றே ஆகாது. பொய்யர் வாக்கியத்தை இவ்விதிக்கு உட்படுத்துவோம். அது தன்னையே மறுப்பதால், தாக்கும் எதிர்வாதியும் அதையே சொல்ல வேண்டும். அதைத் தாக்கும் வாதியும் மீண்டும் அதையே சொல்ல வேண்டும். வாதம் முடிவதேயில்லை. ‘இந்த வாக்கியம் மெய்’ என்பதில் முரண் இல்லை. ஆனால் ஆதாரம் கேட்கும்போதெல்லாம் வாதி அதையே திரும்பச் சொல்ல நேர்வதால் அதுவும் விலக்கப்படுகிறது. ஆகவே முரண் வெளிப்படும் அறிகுறி மட்டுமே. குறை முடிவின்மையில் இருக்கிறது.

தன்சுட்டல் முழுவதையும் இது தடைசெய்துவிடுமே என்று ஆட்சேபிக்கலாம். 1931இல் குர்ட் கோடெல் அமைத்த வாக்கியம் இதற்கு விடை. குறிப்பிட்ட எண்கணித முறைமையில் தனக்கு நிறுவல் இல்லை என்று அது சொல்கிறது. எதிர்வாதி ஓர் எண்ணைக் காட்டி, ‘இதுவே நிறுவலின் குறியீடு’ என்று சவால் விட்டால், கணக்கிட்டுச் சரிபார்த்துவிடலாம், வாதம் முடிந்துவிடும். தன்னைச் சுட்டினாலும் அது கூற்றுதான். இந்திய மொழி மெய்யியலாளர் பர்த்ருஹரியின் வாக்கியபதீயமும் பொய்யர் வாக்கியத்தை ஒத்த ‘நான் சொல்வதெல்லாம் பொய்’ என்பதை ஆராய்கிறது. அவ்வாக்கியம் தன்னையும் உள்ளடக்கும்படி சொல்பவர் கருதுவதில்லை என்பது அதன் விடை. சொல்பவர் வேண்டுமென்றே தன்னையும் உட்படுத்தினால் அவ்விடை உதவாது. எர்லாங்கன் அளவுகோல் சொல்பவரின் கருத்தைச் சார்ந்ததன்று.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘இவ்வாக்கியத்தை முன்வைக்கும் வாதியால் வெல்ல முடியாது’ என்பதற்கும் வாதம் முடிவடையாது. முடியாத வாதத்தில் வெற்றி இல்லை. எனில் அவ்வாக்கியம் சொன்னது சரியாகிவிடாதா? அதன் வாதம் முடியாது என்று கண்டறிந்த நாம், வெல்ல முடியாது என்று சொல்லும்போது அதே சொற்களைத்தான் ஆள்கிறோம். ஆனால் நம் கூற்றுக்கான சோதனை அந்த வாதத்தை வெளியிலிருந்து ஆராய்வது, ஆகவே முடிவடைவது. அவ்வாக்கியமோ தன் முடிவைத் தனக்கே ஆதாரமாகக் கேட்கிறது. டார்ஸ்கியின் அடுக்கு இங்கே மீண்டும் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் இங்கு அது புறத்திலிருந்து இட்ட விதியன்று. வாதம் ஆராயப்பட்ட பிறகே தீர்ப்பு என்ற வரிசையின் விளைவு. இதற்கு ஒரு விலையும் உண்டு: மெய்ம்மை சொற்கோவைக்கு உரியதாகாமல், காக்கும் பொறுப்போடு முன்வைக்கும் செயலுக்கு உரியதாகிறது. ‘நான் நின்றுகொண்டிருக்கிறேன்’ என்பது சொல்பவரைப் பொறுத்து மெய்யோ பொய்யோ ஆவதை ஏற்கும் எவருக்கும் இந்த விலை அதிகமன்று.