உறுமியும் 303ம்

சேலம், நாமக்கல் பக்கத்து மாரியம்மன் பண்டிகைகளில் அருள் வருமுன் உறுமி முனகும். ஒரு முகத்தை அடிக்க, மறுமுகத்தில் வளைந்த குச்சி தேய்ந்து நாதத்தைக் கீழ்ஸ்தாயியில் இழுக்கும். ட்ரான்ஸ் இசையின் அடிநாதத்துக்கு ஒரு பூர்வீகமான ரோலண்ட் டிபி-303ம் இப்படித்தான்: ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்கும், ஃபில்டரைத் திருகத் திருக ஒரே ஸ்வரம் அடைத்தும் திறந்தும் ஒலிக்கும்.

பேஸ் கிதார்காரருக்குப் பதிலாக 1981ல் வந்த பெட்டி அது. போலியாகக்கூடத் தேறவில்லை, 1984ல் உற்பத்தி நின்றது. அதற்குள், 1982ல், பம்பாயில் சரண்ஜித் சிங் அதைக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கிவிட்டார். விற்கவில்லை. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆஸிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது 1987ல். சிங்கின் தட்டு 2010ல் மறுபதிப்பான பிறகு, முந்தியவர் யார் என்ற சர்ச்சை.

ஆளை மருளச் செய்யும் கீழ்நாதம் இயந்திரத்தோடு பிறந்ததாகவே இதில் எல்லோரும் பேசுகிறார்கள், நாமும்தான். உறுமிக்காரர் சபா வாசலுக்கு வெளியே நிற்கிறார்.